ஆள் நீங்கிய தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தமிழர் தீவு என்பர். அரபு மொழியார் அதனை ‘ஜஸீரா’ என்பர். வெட்டுதல், துண்டித்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கடல்நீர் வடிந்து பின்வாங்குவதைக் குறிக்கும் ‘ஜஸ்ர்’ என்ற சொல்லும் அதே வேரினதே. தமிழ்ச் சொல் நம் கண்முன் நீரை நிறுத்துகிறது. அரபுச் சொல் பிரிவை நிறுத்துகிறது. தீவில் வாழ்ந்தவர்களைக் கேட்டால், இரண்டும் மெய் என்றே சொல்வார்கள்.

நிலத்தைக் குறிக்க அரபு நூலோரிடம் மேலும் ஓர் இணைச் சொற்கள் உண்டு. குடியும் உழவும் உடைய நிலம் ‘ஆமிர்’. அவை இன்றிப் பாழ்பட்டுக் கிடப்பது ‘காமிர்’. எழுத்தில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. முதலெழுத்தின் தலைமேல் ஒரு புள்ளியை இட்டால் மக்கள் வாழும் நிலம் ஆளில்லா நிலமாகிவிடும். நம்மிடம் ஓதும் மாணவர்களுக்கு இச்சொற்களை விளக்கும் போதெல்லாம், எழுதுகோல் ஒருமுறை காகிதத்தைத் தொட்டு மீளும் நேரத்தில் ஓர் ஊர் ஒழிந்துபோவதை எண்ணி நாம் வியப்பதுண்டு. உலகில் மெய்யாகவே ஓர் ஊர் ஒழிவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? அந்தப் புள்ளியை இடுவது யார்? கடலா, காற்றா, மனிதனா?

இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் இங்கே எடுத்துக்கொள்வது நமக்கு மிகவும் தொலைவிலுள்ள ஒரு சின்னஞ்சிறு தீவு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ளது. மிங்குலே என்பது அதன் பெயர். இன்று அங்கே ஒரு குடும்பமும் இல்லை. நிலநூல்கள் அதனை ஆளில்லாத் தீவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன.

ஸ்காட்லாந்து என்றதும் நம் பழைய நிலநூலார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னரின் அவையில் இருந்து, 1154ஆம் ஆண்டில் உலக நிலநூலை எழுதி முடித்த அல்-இத்ரீஸியே அவர். வெள்ளித் தகட்டில் உலகப் படம் வரைவித்த பேரறிஞர். அவர் தம் நூலில் ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது, அங்கே குடிகள் இல்லை, நகரும் இல்லை, சிற்றூரும் இல்லை என்று எழுதிச் சென்றார். ஆனால் அந்நாட்டிலோ அக்காலத்தில் அரசர் இருந்தனர், மடங்கள் இருந்தன, நகரங்கள் எழுந்துகொண்டிருந்தன. முதலாம் டேவிட் மன்னர் மறைந்ததே 1153இல் தான். தொலைவிலிருந்து வந்த செய்தி, வழியில் மனிதர்களை இழந்துவிட்டது. இத்ரீஸியின் பெருமை இதனால் குன்றாது. ஆயினும், ஆளில்லை என்னும் சொல் எவ்வளவு எளிதாக எழுதப்பட்டு விடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்றன்றோ?

இனி மிங்குலேயின் நிலத்தைக் காண்போம். ஸ்காட்லாந்தைச் சுற்றி 700க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. 2011ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி அவற்றுள் 93இல் மட்டுமே மக்கள் வாழ்ந்தனர். அந்நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி, வெளி ஹெப்ரிடீசு என்னும் தீவுத்தொடர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடியில் பாரா என்னும் தீவு. பாராவுக்குத் தெற்கே வாட்டர்சே, சான்ட்ரே, பப்பே, மிங்குலே, பெர்னரே எனத் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் நிற்கும் பெர்னரேயின் உச்சியில் ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர் கட்டிய கலங்கரை விளக்கம் 1833 முதல் ஒளி தருகிறது. அதற்குத் தெற்கே அத்தொடரில் வேறு தீவு இல்லை.

மிங்குலேயின் பரப்பு ஏறக்குறைய 640 ஹெக்டேர். நீளம் நான்கு கிலோமீட்டர் அளவு, அகலம் இரண்டரை. நடைப் பழக்கமுள்ளவர் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அந்நடை சமநிலத்தில் நடப்பதன்று. கார்னன் என்னும் உச்சி 273 மீட்டர் உயரம். மக்ஃபீ குன்று 224 மீட்டர். ஹெக்லா 219 மீட்டர். இவ்வளவு சிறிய நிலத்தில் இம்மூன்று உயரங்களும் நெருங்கி நிற்பதால், தீவு முழுவதும் மேற்கே தூக்கிக் கிழக்கே சாய்த்து வைத்த பலகை போலத் தோன்றுகிறது.

மேற்கே தூக்கிய அந்த ஓரத்தில்தான் அதன் பேரழகும் பேரச்சமும் இருக்கின்றன. பியுலாக்ரெய்க் என்னும் பாறைச் சுவர் கடலிலிருந்து நேராக 215 மீட்டர் எழுந்து நிற்கிறது. நம் அடிக்கணக்கில் 700 அடிக்கும் மேல். அருகே லியனமுல், அர்னமுல் என்னும் இரண்டு பாறைத் தூண்கள், தாய் நிலத்திலிருந்து கடல் அறுத்தெடுத்த துண்டங்களாகத் தனித்து நிற்கின்றன. ஜஸீரா என்னும் சொல்லின் வேர்ப்பொருளை இங்கே கண்ணால் காணலாம். இப்பாறை லூயிசியன் நைஸ் எனப்படுவது. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, சாம்பல் நிறமும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடப் பெற்றது. அவ்வகைப் பாறையின் வயது 300 கோடி ஆண்டுகள் வரை செல்லும் என்பர் நிலவியலார். ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளுள் அதுவும் ஒன்று.

கிழக்கே சாய்ந்த ஓரத்தில் வேறொரு காட்சி. அங்கே ஓர் அகன்ற குடா, அதில் வெண்மணற் கரை, கரைக்கு மேலே ஓரளவு ஈரமும் மணலும் கலந்த பயிர் நிலம், ஓர் ஓடை. மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி இருப்பதால் தீவில் குடியிருக்கத்தக்க இடம் அதுவே. ஊர் இருந்ததும் அங்கேதான். தீவுக்கு மேற்கே நிலமில்லாத பெருங்கடல். அதைக் கடந்து வரும் காற்றுக்குத் தடை செய்ய எதுவும் இல்லை. ஆதலால் மரங்களும் இல்லை. வீடுகள் தாழ்ந்தன, சுவர்கள் தடித்தன, சுவரின் மூலைகள் காற்றுக்கு முட்டாதபடி வளைந்தன. கட்டிடக்கலையை அங்கே காற்றே கற்பித்தது எனலாம். கோடையில் இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்திலோ பகல் என்பது ஏழு மணி நேரத்துக்குள் வந்து போய்விடும்.

அந்தப் பாறைச் சுவர்களில் இன்றும் ஒரு பெருங்குடி வாழ்கிறது. அது பறவைக் குடி. ரேசர்பில், கில்லிமாட், கிட்டிவேக், பஃபின் முதலான கடற்பறவைகள் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து, பாறை விளிம்புகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, கோடை முடிவதற்குள் கடலுக்குத் திரும்புகின்றன. கிடைத்த விரலளவு படியில் ஒரு பறவை, அதன் மேற்படியில் வேறொன்று, புல்மூடிய உச்சிச் சரிவில் வளை தோண்டி வாழும் பஃபின் என, அச்சுவர் பல மாடிகள் கொண்ட மாளிகையாகவே இயங்குகிறது.

ஒருமுறை வரைபடத்தை விரித்து இத்தீவைக் காட்டியபோது மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: “உஸ்தாத், ஆளே இல்லாத தீவு என்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு குன்றுக்கும் பாறைக்கும் பெயர் வைத்தது யார்?” சிறு பிள்ளையின் கேள்விதான், ஆனால் நிலநூலின் ஆணிவேரைத் தொட்ட கேள்வி. பாறைக்குத் தானாகப் பெயர் வருவதில்லை. அதை நாள்தோறும் பார்த்தவர், அதில் ஏறியவர், அதற்கு அஞ்சியவர், அதைக் குறியாக வைத்துப் படகைத் திருப்பியவர் எவரோ அவரே பெயரிட்டிருக்க வேண்டும்.

மிங்குலே என்பது நார்வேயிலிருந்து வந்த கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழிப் பெயர். பெரிய தீவு என்பது பொருள். அத்தீவுகளின் பெயர்க் கடையில் வரும் ‘ஏ’ என்னும் ஒலி அம்மொழியில் தீவையே குறிக்கும். சான்ட்ரே மணல் தீவு. பப்பே துறவியர் தீவு. 1266ஆம் ஆண்டில் பெர்த் உடன்படிக்கையால் இத்தீவுகள் ஸ்காட்லாந்தின் வசம் வரும் வரை நார்வே அரசின் ஆட்சியில் இருந்தவை. பின்னர் கார்னன் போன்ற கேலிக் மொழிப் பெயர்கள் சேர்ந்தன. சிறு கற்குவியல் என்பது அதன் பொருள். ஆட்சிகள் மாறின, மொழிகள் மாறின, பெயர்கள் மட்டும் பாறையைப் பற்றிக்கொண்டு நின்றன. ஆளில்லை என்று ஒரு பக்கம் எழுதும் வரைபடமே, ஆள் இருந்ததற்கான சாட்சியத்தை மறுபக்கம் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறது.

மக்ஃபீ குன்றின் பெயருக்கு ஒரு கதை சொல்வர். முன்னொரு காலத்தில் மிங்குலேயிலிருந்து நெடுநாளாகச் செய்தி இல்லை. பாராத் தலைவனாகிய மக்நீல், நிலைமை அறிந்து வரப் படகொன்றை அனுப்பினான். மக்ஃபீ என்பவன் மட்டும் கரையிறங்கி வீடு வீடாகச் சென்று பார்த்தான். எல்லாரும் கொள்ளை நோயில் இறந்து கிடந்தனர். அவன் ஓடிவந்து கூவினான். செய்தி கேட்ட தோழர்கள், அவனையும் நோய் பற்றியிருக்கும் என்று அஞ்சி, அவனை விட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டனர். நாள்தோறும் அக்குன்றின் மேல் ஏறி நின்று படகு வருகிறதா என்று பார்த்தபடி அவன் ஓராண்டு தனியே வாழ்ந்தானாம். பின்னர் தீவில் மீண்டும் குடியேற்றம் நடந்தபோது அவனுக்கும் நிலம் கிடைத்ததாம். கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லிச் சொல்லிக் காத்தவர்களின் அச்சம் மெய்யானது. மரணத்தைக் காட்டிலும் கரையில் கைவிடப்படுவதே தீவு மக்களின் பேரச்சம்.

அங்கே மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? கிழக்குக் குடாவின் மேட்டில் பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். கடற்பாசியை வாரி வந்து எருவாக இட்டனர். ஆடும் மாடும் வளர்த்தனர். கடலில் நீண்ட தூண்டிற் கயிறுகளை விட்டுக் காடு, லிங் என்னும் மீன்களைப் பிடித்தனர். விறகு இல்லாத தீவாதலால், பீட் எனப்படும் சதுப்புக் கரிமண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தனர். வசந்தம் வந்ததும் ஆடவர் மேற்குப் பாறைகளில் இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் திரட்டினர். இறைச்சி உணவாயிற்று, இறகு விலைப்பொருளாயிற்று. லியனமுல் தூணுக்கும் தீவுக்கும் இடையிலான பிளவின் மேல் கயிற்றுப்பாலம் கட்டி அப்பால் சென்றவர்களும் அவர்களே. தலைவனுக்குச் செலுத்தும் வாரத்தில் ஒரு பகுதியைக் கடற்பறவைக் குஞ்சுகளாகவே அளந்தனர் என்றால், அவர்களுக்கு அப்பாறையே வயலாகவும் இருந்தது என்பதில் ஐயமென்ன?

அந்தத் தலைவனுக்கும் கடமைகள் இருந்தன. ஸ்கை தீவில் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் என்பார் 1703இல் வெளியிட்ட மேற்குத் தீவுகளைப் பற்றிய நூல், பாராத் தலைவனாகிய மக்நீலின் வழக்கங்களைப் பதிவு செய்துள்ளது. குடியானவன் ஒருவனின் மனைவி இறந்தால் அவனுக்கு வேறு பெண் தேடித் தருவது தலைவன் பொறுப்பு. கறவை மாடு இறந்தால் வேறு மாடு தருவதும் அவன் பொறுப்பு. முதுமையால் உழைக்க இயலாதவரைத் தன் இல்லத்தில் வைத்துக் காப்பதும் அவன் பொறுப்பு. கொடுப்பதும் பெறுவதும் இருபுறமும் ஓடிய ஓர் உறவு அது. குறையில்லாதது என்று நாம் கூறவில்லை; ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருந்தனர்.

பின்னர் அந்த உறவு அறுந்தது. கடனில் மூழ்கிய மக்நீல் குடும்பத்தின் கையை விட்டுப் பாராவும் அதன் தென்தீவுகளும் நழுவின. 1840ஐ ஒட்டி அவற்றை விலைக்கு வாங்கியவர் க்ளூனி ஊர்க் கர்னல் ஜான் கோர்டன். அவருக்குத் தீவு ஒரு முதலீடு. 1851இல் பாராவிலிருந்தும் அண்டைத் தீவுகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். நல்ல நிலங்கள் பெரும் பண்ணைகளாயின. எஞ்சிய மக்கள் கடலோரத்துக் கட்டாந்தரைகளில் நெருக்கப்பட்டனர்.

மிங்குலே எவரும் விரும்பாத தொலைவில் இருந்ததால் தப்பியது. பிற இடங்களில் மக்கள் தொகை வெட்டுண்டபோது அங்கே அது வளர்ந்தது. 1841இல் 114 பேர். 1881இல் 150 பேர். ஒரு சிறு குடாவின் மேட்டுநிலம் அத்தனை வாய்களுக்கும் சோறிட வேண்டியிருந்தது. நிலம் துண்டு துண்டாயிற்று. தலைமுறை தலைமுறையாக வெட்டிய கரிமண்ணும் குறைந்துகொண்டே வந்தது.

இங்கேதான் அத்தீவின் நிலஅமைப்பிலுள்ள பெருங்குறை முன்னே வருகிறது. மிங்குலேக்குத் துறைமுகம் இல்லை. கிழக்குக் குடா காற்றுக்கு மறைவுதான். ஆனால் அட்லாண்டிக்கின் நீண்ட அலை தீவைச் சுற்றி வளைந்து வந்து அக்கரையிலும் மோதும். படகை நீரில் மிதக்கவிட்டு வைக்க இயலாது. ஒவ்வொரு முறையும் கரைமேல் இழுத்து ஏற்ற வேண்டும். அதற்குப் பல ஆண்கள் வேண்டும். படகும் சிறியதாக இருக்க வேண்டும். சிறு படகோ பெருங்கடலுக்குத் தாங்காது. பாறையில் தாவித்தான் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் படகு வராமலும் போகாமலும் இருப்பதுண்டு. மருத்துவர் இருந்தது பாராவில். கடை இருந்தது பாராவில். கடல் வழி தந்தபோதுதான் இரண்டும் கிட்டும்.

1897ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், அடுத்த தீவாகிய பப்பேயிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற படகு ஒன்று திரும்பவில்லை. அதில் ஐவர் இருந்தனர். பெருநகரில் ஐவர் இறந்தால் செய்தி. அந்தச் சிறு குடியிருப்பில் அது ஒரு தலைமுறையின் உழைக்கும் ஆடவரில் பாதியளவு. படகை இழுக்கக் கைகள் இல்லை என்றால், எஞ்சிய படகும் கரையில் வெறும் மரமே.

மிங்குலே மக்கள் வாளாவிருக்கவில்லை. ஓர் இறங்குதுறை வேண்டும் என்று அரசுக்கு மனுச் செய்தனர். 1901இல் குடாவின் தென்புறத்தில் பாரந்தூக்கி ஒன்று அமைக்கப்பட்டது. படகை நேரே தூக்கிப் பாறைமேல் வைப்பது அதன் நோக்கம். ஆனால் கடல் அமைதியாக உள்ள நாளில் அது தேவையில்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் அதனருகே செல்ல வழியில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. வாழ்பவரின் தேவையைத் தொலைவிலிருந்து வகுப்பவர்கள் செய்து தரும் உதவிகள் பலவும் இப்படித்தான் அமைகின்றன.

அத்தீவில் ஒரு பள்ளியும் இருந்தது. ஆசிரியத் தொழிலில் ஆயுளைக் கழித்த நமக்கு அப்பள்ளியைப் பற்றிப் படிக்கும்போது நெஞ்சம் சற்றே நின்றுவிடுகிறது. மக்கள் கத்தோலிக்கர், பள்ளியை 1859இல் தொடங்கியதோ சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த மாதர் சங்கம். ஆயினும் பிள்ளைகள் படிக்க வந்தனர். பிள்ளைகளின் தாய்மொழி கேலிக். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் அம்மொழிக்கு எவ்விடமும் அளிக்கவில்லை. தாய் சொல்லித் தந்த பெயர்களால் பாறைகளையும் பறவைகளையும் அறிந்த பிள்ளை, பள்ளியில் வேறொரு மொழியில் உலகத்தைக் கற்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு வெளியேறும் வழியைப் பள்ளிகள் கற்பிக்கின்றன. ஊரில் ஊன்றி நிற்கும் வழியையும் அவை கற்பிக்க வேண்டாமா? இது மிங்குலேக்கு மட்டும் உரிய வினா அன்று.

இவ்வாறு நிலமும் கடலும் நெருக்கிய நிலையில், மக்களின் பார்வை வடக்கே சென்றது. பாராவை ஒட்டி வாட்டர்சே இருந்தது. அங்கே மணற்குடாக்கள் இருந்தன; பசும்புல் இருந்தது; பாராவின் துறைமுகமாகிய காசில்பே கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் தீவு முழுவதும் ஒரே பண்ணையாகக் கால்நடைக்கு விடப்பட்டிருந்தது. சிலருடைய முன்னோர் அத்தீவிலிருந்தே வெளியேற்றப்பட்டவர்கள். அப்போது உரிமையாளராக இருந்தவர் கோர்டன் குடும்பத்தின் வாரிசாகிய சீமாட்டி கோர்டன் காத்கார்ட், தீவுகளில் வாழாதவர். மக்கள் நிலம் கேட்டனர்; கிடைக்கவில்லை.

1906 முதல் பாராவிலிருந்தும் மிங்குலேயிலிருந்தும் சென்றவர்கள் வாட்டர்சேயில் இறங்கிக் கிழங்கு நட்டனர், குடிசை எழுப்பினர். ஒரே நாளில் கூரை வேய்ந்து அடுப்பில் தீ மூட்டிவிட்டால் அவ்விடம் குடியானவனுக்கு உரிமையாகும் என்ற பழைய வழக்கின்மேல் அவர்கள் நம்பிக்கை வைத்திருந்தனர். நீதிமன்றம் தடை விதித்தது, அவர்கள் விலகவில்லை. 1908 ஜூன் மாதம் பத்துப் பேர் எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நீதிமன்ற ஆணையை மீறியதற்காக இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றனர். நாடெங்கும் அவர்களுக்கு இரக்கம் எழுந்தது. தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டனர். 1909இல் அரசின் வாரியம் ஒன்று வாட்டர்சேயை விலைக்கு வாங்கிக் குடியானவர்களுக்குச் சிறு நிலங்களாகப் பகிர்ந்தளித்தது. உழுவதற்குச் சிறிதளவு நிலமும், படகு கட்டுவதற்கு ஒரு கரையும் கேட்டவர்கள் அதற்குக் கொடுத்த விலை சிறைவாசம்.

அதன்பின் மிங்குலே விரைவாக வெறுமையாயிற்று. 1901இல் 135 பேர் இருந்தனர். 1911இல் 11 பேர். 1912இல் கடைசிக் குடும்பமும் கரை நீங்கியது. வீடுகளின் கூரை மரங்களையும் பெயர்த்தெடுத்துச் சென்றோர் உண்டு; மரமில்லாத நாட்டில் மரம் செல்வமல்லவா? நோயால் ஒழிந்த ஊர் என்று மக்ஃபீ கதை சொன்னது. மெய்யாக ஒழிந்த காலத்தில் நோய் வரவில்லை, படையும் வரவில்லை. தம் பிள்ளைகள் உயிரோடும் உரிமையோடும் வாழத்தக்க இடத்தை நோக்கி மக்களே நடந்தனர். ஆதலால் இதனை வெறும் தோல்வி என்று நாம் எழுதமாட்டோம். ஆயினும், போகாமலே வாழ ஒரு வழி அவர்களுக்குத் தரப்பட்டதா என்னும் கேள்வி மட்டும் அக்கரையில் நின்றுகொண்டே இருக்கிறது.

அவர்கள் சென்றபின் ஆடுகள் மேய்ந்தன. கடற்கரை மணல் காற்றில் ஏறி வந்து ஊரின் சுவர்களுக்குள் புகுந்து அறைகளை நிரப்பியது. தெருக்களும் அடுப்புகளும் மணலின்கீழ் உள்ளன. கல்லறைகளும் அங்கேயே உள்ளன. 1898இல் கட்டிய பாதிரியாரின் மாளிகை நெடுங்காலம் தனித்து நின்று, 1996இல் கூரை சரிந்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை மிங்குலேயையும் பப்பேயையும் பெர்னரேயையும் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. கோடையில் பறவை ஆய்வாளரும் பாறையேறுவோரும் பயணிகளும் வந்து போகின்றனர். அவர்களுக்கும் பழைய விதி மாறவில்லை. கடல் இசைந்தால்தான் இறங்கலாம். 2003ஆம் ஆண்டில் தீவுக்குக் கிழக்கே, 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், குளிர்நீரில் வளரும் பவளத் திட்டுகள் இருப்பது அளந்து அறியப்பட்டது. பவளம் என்றால் வெப்பக் கடலையே எண்ணும் நமக்கு இது புதுமை. தூண்டில் இட்ட அம்மக்களின் படகுகளுக்குக் கீழே, எவரும் அறியாத இருளில் அது வளர்ந்துகொண்டிருந்தது.

மிங்குலேயின் பெயரை உலகறியச் செய்தது ஒரு பாட்டு. கிளாஸ்கோ நகரத்து இசைக்குழு ஒன்றின் தலைவர் ஹியூ ராபர்ட்டன், பழைய கேலிக் மெட்டு ஒன்றுக்கு 1938இல் எழுதிய படகுப் பாட்டு அது. படகுகள் மிங்குலேயை நோக்கி வீடு திரும்புவதே அதன் பொருள். பாட்டு பிறந்தபோது தீவில் மனிதர் நீங்கி 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடியவர்கள் படகைச் செலுத்திய கரையில் காத்திருப்பார் எவருமில்லை.

பண்டைத் தமிழ் இலக்கணத்தார் நிலத்தைப் பகுத்தபோது பாலைக்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. வளம் குன்றித் திரிந்த நிலமே பாலையாயிற்று. பாலை என்பது நிலத்தின் பிறவிப் பெயரன்று. அதற்கு நேர்ந்த நிலை. அதற்கு உரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்ததும் எத்துணைப் பொருத்தம்! ஆளில்லாத் தீவு என்பதையும் நாம் அவ்வாறே படிக்க வேண்டும். அப்பெயர் சில பாறைகளுக்குப் பிறவியிலேயே உரியது. அங்கே என்றும் எவரும் வாழ்ந்ததில்லை. மிங்குலேக்கோ அது 1912இல் நேர்ந்தது.

புள்ளியை இட்டது யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். கடல் ஒரு பங்கு. ஆனால் அதே கடலோடு அம்மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்தனர். பாறை ஒரு பங்கு. ஆனால் அதே பாறை அவர்களுக்குச் சோறிட்டது. நிலம் எவர் கையில், எத்தனை பேருக்கு, எந்த நிபந்தனையில் என்பதை மனிதர் வகுத்தபோதுதான், சுமக்கக்கூடியதாக இருந்த கடலின் பாரம் சுமக்க முடியாததாயிற்று. ஓர் இறங்குதுறை காலத்தில் கிடைத்திருந்தால், அல்லது பிற தீவுகளின் நல்ல நிலங்கள் பூட்டப்படாதிருந்தால், ஒரே மேட்டில் 150 பேர் நெருங்கியிருக்க வேண்டியதில்லை.

நிலநூல் கற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். வரைபடத்தில் ஆளில்லை என்ற குறிப்பைக் கண்டால் அங்கே நிறுத்திவிட வேண்டாம். எந்த ஆண்டு முதல் என்று கேளுங்கள். கடைசியாக அடுப்பை அணைத்தவர் எங்கே சென்றார் என்று கேளுங்கள். குன்றின் பெயரை உரக்கப் படித்து, அது எந்த மொழி என்று கேளுங்கள். மிங்குலேயைப் பொறுத்தவரை அவ்விடைகள் கிடைக்கின்றன. அங்கிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் பாராவிலும் வாட்டர்சேயிலும் வாழ்கின்றனர். வானம் தெளிந்த நாளில் அவர்கள் தெற்கே பார்த்தால், முன்னோர் பெயரிட்ட குன்றுகள் கடலின்மேல் நீலமாகத் தெரியும்.